நோய் தாங்கும் ஆப்பிள் மரம்: மனைத்தோட்டத்தார்க்கு ஒரு விளக்கம்

நோயுற்றவரைக் காணச் செல்லும்போது கையில் ஆப்பிள் கொண்டு செல்வது நம் நாட்டு வழக்கம். உடல் நலத்தின் அடையாளமாகவே அக்கனியை நாம் கருதி வருகிறோம். ஆனால் அக்கனியைத் தரும் மரமோ, உலகில் மனிதன் வளர்க்கும் பழமரங்களுள் நோய்களால் மிகுதியாகத் துன்புறும் மரங்களுள் ஒன்று. ஈரம் மிகுந்த குளிர்நாடுகளில், பளபளக்கும் தோலுடன் ஒரு பழம் சந்தைக்கு வந்து சேர்வதற்குள் அம்மரத்தின்மீது ஒரே பருவத்தில் பத்து முறைக்கும் மேல் பூசணக்கொல்லி தெளிக்கப்படுவது உண்டு. வணிகத் தோட்டம் இச்செலவைத் தாங்கலாம். பிள்ளைகள் விளையாடும், துணி உலர்த்தும், கோழி மேயும் மனைத்தோட்டம் அதனைத் தாங்குமா? தாங்காது என்றால், ஒரு வீட்டார் தம் முற்றத்தில் ஆப்பிள் மரம் வளர்க்கும் ஆசையைக் கைவிட வேண்டியதுதானா?

கைவிட வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் விடை. இயற்கையிலேயே நோயைத் தாங்கும் ஆற்றல் பெற்ற ஆப்பிள் வகைகள் இன்று உள்ளன. அவை எவ்வாறு தோன்றின, அவற்றின் ஆற்றல் எத்தகையது, அதன் எல்லை யாது, அவற்றை வளர்க்கும் முறை என்ன என்பனவற்றை நாம் ஈண்டு முறையாகக் காண்போம். தமிழ்த்துறை மலரில் தோட்டக்கலைக் கட்டுரை எதற்கு என்று சிலர் வினவலாம். ஸ்பெயின் நாட்டுச் செவில் நகரில் 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம், மரம் நடுதலையும் ஒட்டுக்கட்டுதலையும் பற்றி 'கிதாபுல் ஃபிலாஹா' என்னும் பெருநூலைத் தம் தாய்மொழியாம் அரபியிலேயே யாத்தார். வேளாண் அறிவைத் தம் மொழியில் எழுதி வைத்த அம்மரபை நாமும் போற்றிப் பின்பற்றுதல் தகும். அறிவியல் தமிழ் வளர வேண்டும் என்று மேடையில் முழங்குவதைக் காட்டிலும், ஒரு மரத்தின் நோயைத் தமிழில் தெளிவாக விளக்கிக் காட்டுவது பயனுடையது அன்றோ?

ஆப்பிளின் தாயகம்

தனித்தமிழ் ஆர்வலர் அரத்தி, குமளி எனப் பெயர்கள் வழங்கியபோதிலும், மக்கள் நாவில் நிலைத்துவிட்ட 'ஆப்பிள்' என்னும் பெயரையே நாமும் இங்கு ஆள்கிறோம். இம்மரத்தின் தாயகம் மத்திய ஆசியாவில் தியான்ஷான் மலைத்தொடரின் சரிவுகளாகும். கஸாக் மொழியில் 'அல்மா' என்றால் ஆப்பிள். அம்மலையடிவாரத்தில் உள்ள அல்மாட்டி நகரின் பெயரிலேயே ஆப்பிள் இருக்கிறது. உருசிய அறிஞர் நிக்கோலாய் வாவிலோவ் 1929-ஆம் ஆண்டு அங்குச் சென்று, நகரைச் சூழ்ந்த காடுகளில் காட்டு ஆப்பிள்கள் எண்ணற்ற வடிவிலும் சுவையிலும் செறிந்திருப்பதைக் கண்டு, அதுவே ஆப்பிளின் பிறப்பிடம் என்று கருதினார். 2010-இல் ஆப்பிளின் மரபணுத் தொகுதி முழுமையாகப் படிக்கப்பட்டபோது, அக்காட்டு இனமே இன்றைய ஆப்பிளின் முதன்மை மூதாதை என்பது உறுதிப்பட்டது.

இப்பிறப்பிடம் நமக்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. முதலாவது, ஆப்பிள் குளிரின் பிள்ளை. பெரும்பாலான வகைகளுக்குக் குளிர்காலத்தில் ஏறத்தாழ 800 முதல் 1200 மணி நேரம் வரை 7 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர் வேண்டும். அவ்வுறக்கம் நிறைவுறாவிடின் மொட்டுகள் சரிவர விழிப்பதில்லை. ஆதலின் தமிழகச் சமவெளியில் இம்மரம் வளர்ப்பது வீண் முயற்சி. கொடைக்கானல் போன்ற மலைகளில் குளிர்த்தேவை குறைந்த சில வகைகள் மட்டுமே வளர்க்கப்பட்டுள்ளன. நம் நாட்டில் ஆப்பிளுக்கு உரிய மண் காசுமீரமும் இமாசலமும் அவற்றை ஒட்டிய மலைநாடுகளுமே. இரண்டாவது, காட்டில் ஒவ்வொரு மரமும் மற்றொன்றிலிருந்து வேறுபட்டது. ஒரு மரத்தைத் தாக்கும் நோய் அடுத்த மரத்தில் தடைபடும். மனிதனோ தனக்குப் பிடித்த ஒரு மரத்தை ஒட்டுக்கட்டி இலட்சக்கணக்கில் பெருக்கினான். அவை அனைத்தும் மரபில் ஒரே மரமே. ஒன்றை வீழ்த்தும் நோய் அனைத்தையும் வீழ்த்தும்.

சொறிநோய் என்னும் பெரும்பகை

ஆப்பிளைத் தாக்கும் நோய்களுள் தலையாயது சொறிநோய். வெஞ்சூரியா இனீக்குவாலிஸ் என்னும் பூசணம் இதனை உண்டாக்குகிறது. இலையில் முதலில் ஆலிவ் பச்சை நிறத்தில் வெல்வெட்டுத் துணி போன்ற புள்ளிகள் தோன்றும். பின்னர் அவை கருத்து, இலை சுருங்கி உதிரும். காயின் தோலில் கரும்புண்கள் தோன்றித் தக்கைபோல் தடித்து வெடிக்கும். பழம் உண்ணத் தகாததாகிவிடுவதில்லை. எனினும் அது உருக்குலைந்து, வெடிப்பின் வழியே அழுகல் நுழைய இடமளிக்கும். ஆண்டுதோறும் இலை உதிரும் மரம் வலிவிழந்து அடுத்த ஆண்டு பூப்பது குறையும்.

இப்பூசணத்தின் வாழ்க்கை முறையை அறிந்தால் பாதிப் போர் வென்றதாகும். குளிர்காலத்தில் அது மரத்தில் வாழ்வதைவிட மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் இலைகளிலேயே பெரிதும் தங்கியிருக்கிறது. வசந்தத்தில் மழை பெய்ததும் அச்சருகுகளிலிருந்து வித்துகள் காற்றில் எழுகின்றன. அவை இளந்தளிரில் விழுந்தாலும் உடனே நோய் வந்துவிடாது. இலை தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மில்ஸ் என்பவர் 1944-இல் வகுத்த அட்டவணைப்படி, இதமான வெப்பநிலையில் ஏறத்தாழ 9 மணி நேரம் இலை நனைந்திருந்தால் நோய் பற்றும். 10 பாகை அளவுக் குளிரில் ஏறத்தாழ 14 மணி நேரம் வேண்டும். அதற்குள் இலை உலர்ந்துவிடுமாயின் வித்து மடியும். தொற்றிய பின்னர் இரண்டு வாரங்களுக்குள் புள்ளி தோன்றி, அப்புள்ளியே புதிய வித்துகளை ஈன்று, கோடை முழுதும் நோயைப் பரப்பும்.

நம் நாட்டில் இந்நோய் காசுமீரத்தில் 1935-இல் பதிவாயிற்று. நெடுங்காலம் சிறு தொல்லையாகவே இருந்த அது, 1973-இல் பள்ளத்தாக்கு முழுவதும் கொள்ளைநோயாக மூண்டது. இமாசலப் பிரதேசத்தில் 1983-இல் அதே துயரம் நிகழ்ந்தது. அமெரிக்காவில் பிறந்து இமாசலத்துக் கோட்கரில் குடியேறிய சத்யானந்த ஸ்டோக்ஸ் 1910-களில் கொணர்ந்த 'ரெட் டெலிசியஸ்' போன்ற சுவைமிகு வகைகள் மலைமக்கள் வாழ்வை உயர்த்தின என்பது உண்மை. அவ்வகைகள் சொறிநோய்க்கு எளிதில் இரையாகின்றன என்பதும், சரிவு சரிவாக அவையே நிறைந்திருந்தன என்பதும் அதே அளவு உண்மை. ஈரமான வசந்தம் வாய்த்த ஆண்டில் தீப்பொறி வைக்கோற்போரில் விழுந்ததுபோல் ஆயிற்று.

உண்ணத் தகாத கனி தந்த கொடை

இப்பகையை வெல்லும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்னும் வரலாறு வியப்பூட்டுவது. ஜப்பானில் பூவின் அழகுக்காக வளர்க்கப்படும் மாலஸ் புளோரிபண்டா என்னும் சிற்றாப்பிள் மரம் ஒன்று உண்டு. அதன் கனி நம் சுண்டைக்காய் அளவே இருக்கும். உண்பதற்கு உதவாது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்டால் என்னும் ஆசிரியர், 821 என்னும் எண்ணிட்ட அத்தகைய மரம் ஒன்றை 1914-இல் 'ரோம் பியூட்டி' என்னும் ஆப்பிளுடன் கலந்தார். அவர் நோக்கம் மரபுப் பண்புகளை ஆராய்வதே. நோயைப் பற்றி அவர் அப்போது எண்ணவில்லை. 1926-இல் அவற்றின் வழித்தோன்றல்களைத் தமக்குள் மீண்டும் கலந்தனர்.

1940-களின் தொடக்கத்தில் ஹஃப் என்னும் இளம் ஆய்வாளர் அதே தோட்டத்தில், பிற மரங்கள் எல்லாம் சொறிநோயால் இலையுதிர்த்து நிற்க, அக்கலப்பு மரங்களுட் சில மட்டும் பசுமை குன்றாது நிற்பதைக் கண்டார். 1945-இல் பர்டியூ, ரட்கர்ஸ், இல்லினாய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களும் கைகோத்து அவ்வாற்றலை நல்ல பழத்துக்குள் கொண்டுவரும் பணியைத் தொடங்கின. தலைமுறை தலைமுறையாக இனிய பெரிய ஆப்பிள்களுடன் கலந்து, ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான நாற்றுகள்மீது நோய்வித்தைத் தூவி, நோயுற்றவற்றைக் களைந்து, தாங்கியவற்றை மட்டும் வளர்த்தனர். 1970-இல் 'பிரைமா' என்னும் முதல் வகை வெளிவந்தது. கிராண்டாலின் முதற் கலப்புக்கும் இதற்கும் இடைப்பட்ட காலம் 56 ஆண்டுகள். ஒருவர் விதைத்ததை மற்றொருவர் கண்டறிந்து, மூன்றாமவர் கனியாக்கினார்.

பிரைமாவைத் தொடர்ந்து பிரிசில்லா, வில்லியம்ஸ் பிரைடு, பிரிஸ்டீன், என்டர்பிரைஸ், கோல்டு ரஷ் முதலியன வந்தன. இப்பெயர்களுட் பலவற்றில் அம்மூன்று பல்கலைக்கழகங்களின் ஆங்கில முதலெழுத்துகளான பி, ஆர், ஐ என்பன அடுத்தடுத்து அமைந்திருப்பதைக் காணலாம். உழைத்தவர் பெயரைக் கனியின் பெயருக்குள் பொதிந்து வைத்த நயம் அது. நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வுநிலையம் 1978-இல் 'லிபர்ட்டி' என்னும் புகழ்பெற்ற வகையை வெளியிட்டது. நம் காசுமீரத்தில் ஷேர்-ஏ-காஷ்மீர் வேளாண் பல்கலைக்கழகம் 'ஷிரீன்', 'ஃபிர்தௌஸ்' என்னும் சொறி தாங்கும் வகைகளை உருவாக்கியது. 'இனியது' என்பதும் 'சுவர்க்கம்' என்பதும் அப்பெயர்களின் பொருள்.

தாங்கும் ஆற்றல் எவ்வாறு இயங்குகிறது?

நோய் தாங்கும் மரத்தின்மீதும் வித்து விழுகிறது, முளைக்கிறது, இலைத்தோலை ஊடுருவவும் முயல்கிறது. அந்நிலையில் மரத்தின் மரபணு ஒன்று பகைவன் வந்ததை உணர்ந்து எச்சரிக்கை எழுப்புகிறது. தாக்கப்பட்ட இடத்தைச் சுற்றிய சில உயிரணுக்கள் தாமே மடிந்துவிடுகின்றன. உயிருள்ள திசுவையே உண்டு வாழும் பூசணம் உணவின்றி அங்கேயே ஒடுங்குகிறது. கோட்டை வாயிலில் பகைவன் நுழைந்ததும் முன்னறையை இடித்து மூடிவிடும் காவலனைப்போல் இது நிகழ்கிறது. மாலஸ் புளோரிபண்டா தந்த இம்மரபணுவுக்கு அறிஞர் 'வி-எஃப்' எனப் பெயரிட்டனர். இப்போது அது வேறொரு குறியெண் முறையிலும் வழங்கப்படுகிறது.

ஈண்டு மூன்று தெளிவுகள் இன்றியமையாதன.

ஒன்று: தாங்குதல் வேறு, நோயே அணுகாமை வேறு. சில ஆண்டுகளில் சிறு மஞ்சள் புள்ளிகள் இலையில் தோன்றலாம். அது மரம் தோற்றதன் அடையாளம் அன்று, போரிட்டதன் தழும்பு.

இரண்டு: ஒரு நோயைத் தாங்கும் மரம் எல்லா நோயையும் தாங்கும் என்று கொள்ளுதல் தவறு. கோல்டு ரஷ் சொறிநோயைத் தாங்கும். ஆனால் ஆப்பிளையும் ஒருவகைச் சூனிப்பர் மரத்தையும் மாறி மாறிப் பற்றும் வட அமெரிக்கத் துருநோய்க்கு அது எளிதில் ஆட்படும். என்டர்பிரைஸ், லிபர்ட்டி ஆகியன சொறிநோயைத் தாங்குவதோடு, கிளை நுனியைத் தீய்த்தாற்போல் கருக்கும் தீக்கருகல் நோயையும் ஓரளவு எதிர்க்கும். அத்தீக்கருகலுக்குக் காரணம் ஒரு நுண்ணுயிரி என்று 1880-ஆம் ஆண்டளவில் இல்லினாயின் பரில் என்பவர் நிறுவினார். செடிகளுக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதற்கு முதற்சான்றுகளுள் ஒன்று அது. ஆகவே நம் ஊரில் எந்நோய் மிகுதி என்று முதலில் கேட்டறிந்து, அதனைத் தாங்கும் வகையைத் தேர்தல் வேண்டும்.

மூன்று: ஆற்றல் என்றும் நிலைத்து நிற்கும் என்னும் உறுதி இல்லை. வெளிவந்த வகைகளுட் பெரும்பாலானவை ஒரே மரபணுவை நம்பியவை. பூசணமும் உயிருள்ளதே. அது தன் மரபை மாற்றிக்கொள்ள வல்லது. ஜெர்மனியின் ஆரன்ஸ்பர்க்கில் வி-எஃப் தடையைத் தாண்டிய பூசண வகை தோன்றியமை 1993-இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. அதனையடுத்து, மூல மரமாகிய சிற்றாப்பிளையே தாக்கும் வகை இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. ஒற்றைப் பூட்டுக்கு என்றேனும் ஒரு திறவுகோல் அமைந்துவிடும். ஆகவே இன்றைய அறிஞர் இரண்டு மூன்று தடை மரபணுக்களை ஒரே மரத்தில் சேர்க்க முயல்கின்றனர். நாற்றுப் பருவத்திலேயே இலையின் மரபணுவைச் சோதித்து, வேண்டிய மரபணுக்கள் சேர்ந்திருக்கும் கன்றுகளைப் பொறுக்கி எடுக்கும் முறையும் வந்துள்ளது.

மனைத்தோட்டமே இதற்கு உரிய இடம்

இத்துணைச் சிறப்புடைய வகைகள் சந்தையை ஏன் நிறைக்கவில்லை என்று கேட்கலாம். வணிகன் மக்கள் அறிந்த பெயரையே வாங்குகிறான். காசுமீரத்துச் சந்தையில் இன்றும் டெலிசியஸ் வகைகளே மிகுதி. புதுப்பெயருக்கு விலை கிடைக்குமா என்று தோட்டக்காரர் அஞ்சுகிறார். நெடுந்தொலைவு செல்லும் பழத்துக்கு நிறமும் உருவமும் சுவையினும் முந்தி நிற்கின்றன.

மனைத்தோட்டத்தார்க்கு இக்கட்டாயங்கள் ஏதுமில்லை. அவர் பெயருக்கு விலை பெறுவதில்லை. தோலில் ஒரு மறு இருந்தால் எவரும் விலை குறைப்பதுமில்லை. மறுபுறம், உயர மரத்துக்கு மருந்தடிக்கும் கருவியோ, மழைக்கணக்குப் பார்த்துத் தெளிக்கும் ஓய்வோ அவரிடம் இல்லை. தெளிக்கும் நஞ்சு தம் மக்கள் நிற்கும் இடத்திலேயே விழும். வணிகத் தோட்டத்துக்கு ஏற்ற வகையை வீட்டில் நட்டால், அவர் முன் இரண்டே வழிகள் நிற்கும்: வாரந்தோறும் மருந்தடித்தல், அல்லது ஆண்டுதோறும் சொறிபிடித்த காய்களைக் கண்டு வருந்தி முடிவில் மரத்தை வெட்டுதல். நோய் தாங்கும் வகையை நட்டால் அவ்விரண்டும் இல்லை. ஆதலின் நோய்த்தடுப்பு மருந்துக் கடையில் தொடங்குவதன்று; நாற்றங்காலில் கன்றைத் தேரும் அந்நாளிலேயே தொடங்குகிறது. கன்றைத் தேர்வது ஒரு நாட்செயல். அதன் பயனோ கேடோ முப்பது ஆண்டுகள் தொடரும்.

நடும் முறையும் வளர்ப்பு முறையும்

விதையிட்டு ஆப்பிள் வளர்த்தல் கூடாது. விதையிலிருந்து எழும் மரம் தாயை ஒத்திராது; தாயின் தாங்கும் ஆற்றலும் அதில் அமையுமென்று சொல்ல இயலாது. ஒட்டுக்கன்றே நடுதல் வேண்டும்.

ஒட்டுக்கன்றில் இரு மரங்கள் உள்ளன. மேலே கனி தரும் வகை, கீழே வேர்ச்செடி. மரத்தின் உயரத்தை வேர்ச்செடியே பெரிதும் அறுதியிடுகிறது. இங்கிலாந்தின் கிழக்கு மாலிங் ஆய்வுநிலையம் வகைப்படுத்திய எம்-9 என்னும் வேர்ச்செடியில் மரம் ஏறத்தாழ 2.5 முதல் 3 மீட்டர் உயரமே வளரும். இரண்டு மூன்று ஆண்டுகளில் காய்க்கும். ஆனால் அதன் வேர் வலுவற்றது. வாழ்நாள் முழுதும் ஊன்றுகோல் வேண்டும். எம்.எம்-106 என்பதில் மரம் 4 முதல் 5 மீட்டர் வரை வளரும். அது வேரைத் தாக்கும் கம்பளி அசுவினிப் பூச்சியை எதிர்ப்பது. ஆனால் நீர் தேங்கும் மண்ணில் தூர் அழுகலுக்கு ஆட்படும். இங்ஙனம் மேற்பகுதிக்கு ஒரு நோய், அடிப்பகுதிக்கு ஒரு நோய் என இரண்டையும் எண்ணித் தேர்தல் அறிவுடைமை.

நாள்தோறும் 6 முதல் 8 மணி நேரம் வெயில் படும் இடமே ஏற்றது. காலை வெயில் இன்றியமையாதது. இரவில் படிந்த பனியை அது விரைந்து உலர்த்தும். இலை நனைந்திருக்கும் நேரம் குறைதலே நோய் குறைதல் என்பதை மேலே கண்டோம். வடிகால் நன்கமைந்த மண் வேண்டும். மரம் இலையுதிர்த்து உறங்கும் குளிர்காலத்தில், மண் உறையாத நாளில் நடுதல் நலம். ஒட்டுப்பகுதி மண்ணுக்கு நான்கு விரற்கடை மேலே இருத்தல் வேண்டும். அது புதையுமாயின் மேல்வகை தானே வேர்விட்டு, வேர்ச்செடியின் குறுக்கும் தன்மை பயனற்றுப் போகும்.

பெரும்பாலான ஆப்பிள் வகைகள் தம் மகரந்தத்தால் தாம் காய்ப்பதில்லை. ஒரே காலத்தில் பூக்கும் வேறொரு வகை அருகில் இருத்தல் வேண்டும். இரண்டாம் மரத்துக்கு இடமில்லையேல், அண்டை வீட்டார் வேறு வகை ஒன்றை நடுவாராயின் இரு வீட்டிலும் காய் பிடிக்கும். வேலிக்கு அப்பால் பறந்து செல்லும் தேனீ இரு வீட்டாரையும் உறவாக்குகிறது.

தழைச்சத்தை மிகுதியாக இடுதல் தீது. கொழுத்த இளந்தளிர் தீக்கருகலுக்கும் சாம்பல் நோய்க்கும் விருந்தாகும். மக்கிய தொழுவுரமும், தண்டைத் தொடாது பரப்பிய மூடாக்கும் போதும். ஆண்டுதோறும் குளிர்கால இறுதியில் கவாத்துச் செய்து, மரத்தின் நடுவே காற்றும் ஒளியும் புகவிடல் வேண்டும். கருகிய கிளையைக் கண்டால், கருகலுக்கு ஒரு சாணுக்கும் கீழே, நலமுள்ள பகுதியில் வெட்டி எரித்துவிடல் வேண்டும். இளங்காய்ப் பருவத்தில் கொத்துக்கு ஒரு காய் மட்டும் நிறுத்தி, காய்க்குக் காய் ஒரு சாண் இடைவெளி விட்டால் பழம் பருக்கும். காய்கள் ஒன்றையொன்று உரசிப் பூச்சிக்கு மறைவிடம் தருவதும் நீங்கும்.

எல்லாவற்றினும் முதன்மையான பணி இலையுதிர் காலத்தில் உள்ளது. மரத்தடிச் சருகுகளைக் கூட்டி அகற்றி, நன்கு வெப்பம் ஏறும் குப்பைக்குழியில் மக்கவிடல் வேண்டும். கூட்ட இயலாதவர் 10 லிட்டர் நீரில் அரைக் கிலோ யூரியாவைக் கரைத்து, உதிர்ந்த சருகின்மேல் தெளிக்கலாம். சருகு விரைவில் மக்கும். மண்புழுக்கள் அதனை இழுத்துச் செல்லும். பூசணம் தங்க இடமின்றி அழியும். 'என் மரம்தான் நோய் தாங்குமே, எனக்கு இது எதற்கு?' என்று எண்ணலாகாது. வித்து எத்துணை மிகுதியோ, தடையைத் தாண்டும் புதுவகை தோன்றும் வாய்ப்பும் அத்துணை மிகுதி. ஆகவே ஈரம் மிகுந்த ஆண்டுகளில் வசந்த காலத்தில் ஓரிரு முறை மட்டும் பூசணக்கொல்லி தெளித்து மரத்தின் ஆற்றலுக்குத் துணை நிற்குமாறு வல்லுநர் கூறுகின்றனர். பத்துக்கும் மேற்பட்டது ஒன்று அல்லது இரண்டாகக் குறைவதே பெரும்பேறு.

பூச்சிகளுக்கு இம்மரபணு தடையாகாது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். செதில்பூச்சிக்குக் குளிர்காலத்தில் எண்ணெய்க் கரைசல் தெளித்தலும், காய்துளைப்பானுக்கு எதிராக இளங்காய்களைத் தாள் உறையிட்டுக் காத்தலும் சிறு தோட்டத்தில் எளிதாகச் செய்யத்தக்கன.

காக்க வேண்டிய அமானிதம்

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலப்படும். நூற்றுக்கணக்கான கோடி மதிப்புள்ள கனிக்குக் காவலாக வந்தது, எவரும் உண்ணாத ஒரு சிற்றாப்பிள். அம்மரம் பயனற்றது என்று 1914-க்கு முன் எவரேனும் வெட்டி எறிந்திருந்தால், அக்கொடை நமக்குக் கிட்டியிராது. இன்று தியான்ஷான் சரிவுகளில் ஆப்பிளின் தாய்க்காடுகள் நகர விரிவாலும் மேய்ச்சலாலும் சுருங்கி வருகின்றன. அக்காட்டு ஆப்பிள் அழியும் இடருக்கு உள்ளாகியுள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நாளை தோன்றப்போகும் நோய்க்கு விடையாகும் மரபணு அக்காட்டில் எந்த மரத்தில் உறங்குகிறதோ, யார் அறிவார்! படைத்தவன் எதனையும் வீணே படைக்கவில்லை என்று நம்புவோர், பயன் தெரியாத ஒன்றைப் பயனற்றது என்று முடிவு செய்ய அஞ்ச வேண்டும்.

நோய் தாங்கும் ஆற்றலும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. மருந்துப்புட்டி தீர்ந்தால் வேறொன்று வாங்கலாம். மரபணு ஆற்றல் தோற்றுவிட்டால் மீண்டும் ஓர் அரை நூற்றாண்டு உழைப்பு வேண்டும். சருகைக் கூட்டும் சிறு வேலையும் அவ்வமானிதத்தைக் காப்பதன் பகுதியே. நட்ட மரத்தின் கனியை மனிதரும் பறவையும் விலங்கும் உண்பது நட்டவர்க்குத் தர்மமாகும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். அத்தர்மம் நஞ்சு கலவாததாய், அண்டை வீட்டார்க்கும் ஊறு செய்யாததாய் அமைய வேண்டுமாயின், நடுமுன் அறிதலும் நட்டபின் பேணுதலும் வேண்டும்.

குளிர்மலை நாடுகளில் வாழும் நம் உறவினரும் நண்பரும், அங்குக் கல்வி கற்கவும் பணிபுரியவும் செல்லும் நம் மாணவரும் தம் வீட்டு முற்றத்தில் ஓர் ஆப்பிள் கன்றை ஊன்ற விழையும்போது, 'இது எவ்வளவு இனிக்கும்?' என்று கேட்பதற்கு முன் 'இது எந்நோயைத் தாங்கும்?' என்று ஒருமுறை கேட்பார்களாயின் இக்கட்டுரையின் பயன் நிறைவுறும். வல்ல இறைவன் அவர்தம் மரங்களையும் மனைகளையும் நோயின்றிக் காத்தருள்வானாக!